இங்கிலாந்துக் கடற்கரையில் பறவை பார்க்க வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண்தானா?

கையில் பைனாகுலரும் கைபேசியில் செயலியும் இருக்கும்போது, நார்ஃபோக் கடற்கரையில் வழிகாட்டியுடன் செல்லும் குறும்பயணத்துக்குப் பணம் கட்டுவது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார இறுதிதான் ஓய்வு என்று எண்ணிக்கொண்டு பதில் எழுதுகிறேன். வீண் இல்லை. பறவையின் பெயரை அறியச் செயலியே போதும். கடல் எப்போது ஏறும், ஏறினால் பறவைகள் எங்கே ஒதுங்கும் என்பதை அறிந்திருப்பதற்குத்தான் வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கிறோம்.

வாஷ் என்னும் அகன்ற கழிமுகத்தின் கிழக்குக் கரையில் ஸ்னெட்டிஷம் இருக்கிறது. நீர் வற்றிய வேளையில் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சேறுதான். பறவைகள் எங்கோ புள்ளிகளாக மேயும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய கடலேற்றம் அந்தச் சேற்றை மூடும்போதுதான் அவை கரைக்கு உள்ளே, சரளைக்கல் தோண்டிய பழைய குழிகளில் வந்து இறங்கும். அத்தகைய ஏற்றம் அங்கே பெரும்பாலும் காலையிலும் மாலையிலுமே வருவதால், செப்டம்பரில் நாங்கள் சென்றபோது வழிகாட்டி எங்களை இருட்டிலேயே கிளப்பினார்.

நீர் நெருங்க நெருங்க, மிஞ்சிய சேற்றுப் பட்டையில் நாட் எனப்படும் உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றன. கிரீன்லாந்திலும் கனடாவின் வடகோடியிலும் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை அவை. நிற்க இடமற்றுப்போனதும் கூட்டமாக எழுந்து, திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் சாம்பலாகவும் மறுகணம் வெண்மையாகவும் மாறி எங்கள் தலைக்கு மேலே கடந்தபோது, குரலைவிடச் சிறகோசையே பெரிதாகக் கேட்டது. பிறகு பறவைகளை மறைந்திருந்து பார்ப்பதற்கான மரக்குடிலில் அமர்ந்து, அவை கல்திட்டில் காற்றை எதிர்நோக்கி ஒற்றைக்காலில் உறங்குவதைத் தொலைநோக்கியில் பார்த்தோம். தாமதமாக வந்த ஒன்று இடித்துக்கொண்டு நுழைய, அடுத்திருந்தது தூக்கிய காலைக் கீழே வைக்காமலேயே நொண்டி நகர்ந்து இடம் கொடுத்தது.

இது வசதி படைத்தவன் பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். கடலேற்ற நேர அட்டவணை எவருக்கும் கிடைக்கிறது. அதைப் படிக்கப் பொறுமை இருந்தால் தாராளமாகத் தனியே செல்லுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து குடில்களுக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

எனக்கிருந்த குறை உடன்வந்தவர்களைப் பற்றியதுதான். மறுநாள், 1926இல் விலைக்கு வாங்கப்பட்டு இன்றுவரை காக்கப்படும் கிளே சதுப்பு நிலத்தில், கோணமூக்கு உள்ளான் ஒன்று மேல்நோக்கி வளைந்த அலகால் நீரை இடவலமாகத் துழாவிக்கொண்டிருந்தது. "இது எங்கும் இருப்பதுதானே, அபூர்வமாக ஏதாவது காட்டுங்கள்" என்று ஒருவர் வழிகாட்டியை அவசரப்படுத்தினார். ஏறத்தாழ நூறாண்டுகள் இங்கிலாந்தில் கூடு கட்டாதிருந்த பறவை அது. ஜெர்மானியப் படை இறங்கிவிடாதபடி போர்க்காலத்தில் நீரில் மூழ்கடிக்கப்பட்ட மின்ஸ்மியர் என்னும் சஃபோக் கடற்கரை நிலத்துக்கு 1947இல்தான் திரும்பி வந்தது. பார்த்த பறவைகளின் பட்டியலை நிரப்ப வருபவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

பணம் கட்டுமுன், அந்த நாட்களில் ஏற்றம் எத்தனை மீட்டர், எத்தனை மணிக்கு என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் வேறொருவரைத் தேடுங்கள்.