முரண்நகை: கேட்டவையும் பதில்களும்

திருவான்மியூரிலிருந்து: சார், முரண்நகை (ஐரனி) எத்தனை வகை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மூன்று. சொல்வது ஒன்று, உணர்த்துவது அதற்கு எதிர் என்றால் சொல் முரண்நகை. செய்தது ஒன்றுக்காக, விளைந்தது அதற்கு நேர் எதிர் என்றால் சூழல் முரண்நகை. பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்கு முன்பே தெரிந்திருந்தால் நாடக முரண்நகை. மூன்றிலும் இரண்டு தளங்கள் உண்டு: மேலே தெரிவது ஒன்று, அதற்கு எதிராக அடியில் இருப்பது இன்னொன்று. அந்த இரண்டாவது தளத்தை விரல்வைத்துக் காட்ட முடியாவிட்டால் அது முரண்நகை இல்லை, எதிர்பாராத நிகழ்ச்சி மட்டுமே.

பெரம்பூரிலிருந்து: நாடக முரண்நகைக்குத் தமிழிலேயே உதாரணம் வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுங்கள். சிலம்பைப் பார்த்த பொற்கொல்லன், கோவலனைத் தன் குடிலுக்குப் பக்கத்தில் காத்திருக்கச் சொல்கிறான். கோவலன் அங்கிருந்த கோயில் மதிலுக்குள் போய் அமர்ந்ததும் இளங்கோ கொல்லனின் மனத்தைத் திறந்துவிடுகிறார்: ‘கரந்துயான் கொண்ட காலணி ஈங்குப் பரந்து வெளிப்படா முன்னம்’, அதாவது நான் ஒளித்துக்கொண்ட சிலம்பு வெளியே தெரியும் முன்பே, இவனைக் கள்வனாக்கிவிட வேண்டும். அரசியின் சிலம்பைத் திருடியவன் யார் என்று அந்தக் கணமே நமக்குத் தெரிந்துவிடுகிறது. நம்பி உட்கார்ந்திருக்கும் கோவலனுக்குத் தெரியாது, விசாரிக்காமல் ஆணையிடப்போகும் பாண்டியனுக்கும் தெரியாது. இதே செய்தியைக் கொலைக்குப் பின்னால் வைத்திருந்தால் அது திருப்பமாக முடிந்திருக்கும். இடையிலுள்ள ஒவ்வொரு வரியிலும் நமக்கு உண்டாகும் பதைப்பு கிடைத்திருக்காது. நீங்கள் எழுதும்போதும் பாத்திரம் முடிவெடுக்கும் முன்பே வாசகரிடம் செய்தியைக் கொடுத்துவிடுங்கள்.

வழக்குரை காதையில் அதே கதை சூழல் முரண்நகையாகிறது. கள்வனைத் தண்டித்ததாக நம்பிய அரசன் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று தன் வாயாலேயே சொல்லி விழுகிறான்.

அயனாவரத்திலிருந்து: வஞ்சப்புகழ்ச்சியும் இதுவும் ஒன்றா? நான் எழுதினால் யாருக்கும் புரிவதில்லை.

புகழ்வதுபோலப் பழிக்கும் வஞ்சப்புகழ்ச்சி சொல் முரண்நகையில் அடங்கும். எழுதும் முறைக்குப் புறநானூறு 95-ஐப் பாருங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அந்தத் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துச் சொல்வது: இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இதில் ஒரு பொய்கூட இல்லை. போருக்குப் போகாத வேலுக்குத்தான் மாலையும் நெய்யும் என்பதைக் கேட்பவனே கண்டுபிடிக்க வேண்டும். பொய்யாகப் புகழ்ந்தால் வாசகர் அதை உண்மையான பாராட்டு என்று எடுத்துக்கொள்வார். உங்களுக்கு நேர்வது அதுதான்.

அடுத்தது வரிசை. ‘தேவர் அனையர் கயவர்’ என்று குறள் 1073 உயர்த்துகிறது. ‘மேவன செய்தொழுக லான்’, அதாவது மனம்போனபடி நடப்பதால், என்ற காரணம் கடைசியில் வந்து கவிழ்க்கிறது. காரணத்தை முன்னால் வைத்துப் படித்துப் பாருங்கள், பாதி வலு போய்விடும். ஆச்சரியக்குறியும் சிரிப்புப் பொம்மையும் வேண்டவே வேண்டாம்.

வேளச்சேரியிலிருந்து: ஐப்பசியில் கல்யாணம், முகூர்த்த நேரத்தில் கொட்டும் மழை. இது சூழல் முரண்நகைதானே?

இல்லை. சென்னையில் ஐப்பசி மழைக்காலம். இதில் எதிர்பார்ப்பே உடையவில்லை.

சைதாப்பேட்டையிலிருந்து: மழைக்குப் பயந்து ஐப்பசி முகூர்த்தத்தை விட்டுச் சித்திரைக்குத் தள்ளினார்கள். ஐப்பசியில் அந்த நாள் வெயில் அடித்தது, சித்திரையில் மழை கொட்டியது. இது?

இது முரண்நகை. தப்பிக்க எடுத்த முயற்சியே கொண்டுபோய் மாட்டிவிடுகிறது. தந்தையைக் கொல்வாய் என்ற வாக்குக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய கிரேக்க நாடகத்து ஈடிபஸ், அந்த வழியிலேயே தந்தையைக் கொல்வதும் இந்த அமைப்புதான்.

வேளச்சேரியிலிருந்து மறுபடி: மழை மழைதானே சார்? அவருக்கு மட்டும் எப்படி?

மழையைப் பார்க்காதீர்கள், மழைக்கும் அவர்கள் செய்த செயலுக்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். அவர்கள் தள்ளிவைக்காமல் இருந்திருந்தால் நனைந்திருக்க மாட்டார்கள். உங்கள் கல்யாணத்தில் அந்தத் தொடர்பு இல்லை.

முடிச்சூரிலிருந்து: வீட்டைச் சுற்றி இடுப்பளவு வெள்ளம், குடிக்க ஒரு கேன் தண்ணீர் இல்லை. இதில் யாரும் எதையும் திட்டமிடவில்லையே?

நல்ல கேள்வி. திட்டம் இல்லாவிட்டாலும் இது முரண்நகைதான். தண்ணீர் வராமல் போனதற்குத் தண்ணீரே காரணம். கேன் வண்டியைத் தெருவுக்குள் விடாதது அந்த வெள்ளம். வெள்ளத்தால் மின்சாரம் போய் விளக்கு எரியவில்லை என்றால் அது இடைஞ்சல், முரண்நகை இல்லை.

போரூரிலிருந்து: ரயிலைத் தவறவிட்டேன், அடுத்த ரயிலும் ரத்து. முரண்நகையா?

இல்லை. வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: பிறந்தநாளன்று காய்ச்சல் வந்தது...

அதே பதில். இனி மழை, ரயில், காய்ச்சல் கேள்விகளை எடுக்கமாட்டேன்.

மயிலாப்பூரிலிருந்து: அங்கதம் வேறா?

வேறு. அங்கதத்தின் நோக்கம் பழித்தல். முரண்நகை அதற்கு ஒரு கருவி. தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாக வசைபாடினால் செம்பொருள், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. முரண்நகைக்கு வேலை இரண்டாவதில்தான்.

தாம்பரத்திலிருந்து: தேர்வுக்குப் படிக்கிறேன். முரண்தொடையும் இதுவும் ஒன்றா?

இல்லை தம்பி. அது எதிர்ச்சொற்களை அமைக்கும் யாப்பு உறுப்பு. யாப்பு நூலில் தொடைப் பகுதியைப் பாருங்கள்.