வீட்டை வாங்காவிட்டால் வெளியேற வேண்டுமா?

கேள்வி: நியூயார்க் நகரின் குவீன்ஸில், அறுபது வீடுகள் உள்ள பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் எழுபது வயதை நெருங்கும் பெற்றோருடன் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வீடு, வாடகை உயர்வுக்கு வரம்பு விதிக்கும் ரென்ட் ஸ்டெபிலைசேஷன் முறையின் கீழ் வருகிறது. லீஸ் அப்பா பெயரில் இருக்கிறது. கட்டடம் கோ-ஆப் (பங்குகள் வாங்கி வீட்டுக்கு உரிமை பெறும் கூட்டுறவு) ஆகப் போவதாகத் தடித்த புத்தகம் ஒன்று வந்தது. பிறகு உரிமையாளரின் ஆள் வந்து, "90 நாளுக்குள் வாங்குங்கள், இல்லையேல் நாங்கள் தரும் தொகையைப் பெற்றுக்கொண்டு காலி செய்யுங்கள்" என்கிறார். வாங்குவதற்கு எங்களிடம் பணம் இல்லை. என்ன செய்வது?

பதில்: வாங்கவில்லை என்ற காரணத்துக்காக உங்கள் பெற்றோரை யாரும் வெளியேற்ற முடியாது. இதை இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வாங்காதவர்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் வெளியேற்ற வழிசெய்யும் கோ-ஆப் திட்டங்கள் முன்பு நியூயார்க் நகரில் அனுமதிக்கப்பட்டிருந்தன. 2019 ஜூனில் மாநிலம் நிறைவேற்றிய வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவ்வகைத் திட்டங்களை ஒழித்தது. இப்போது பொது வணிகச் சட்டத்தின் 352-eeee பிரிவின்படி, வாங்காத வாடகைதாரர்மீது லீஸ் முடிந்தது என்று கூறி வெளியேற்ற வழக்குத் தொடர முடியாது. வாடகை செலுத்தாமை, வீட்டைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்துதல், நியாயமான காரணத்துக்காக வீட்டைப் பார்க்க வரும் உரிமையாளரை உள்ளே விடாமை போன்ற குடியிருப்பவரின் சொந்தத் தவறுகளுக்கு மட்டுமே வழக்கு வரும். உங்கள் வீட்டை நாளை வேறொருவர் வாங்கி, "நானே குடிவர வேண்டும்" என்றாலும் நிலை இதுதான்.

அந்த ஆள் சொன்ன 90 நாள் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் அறிய வேண்டும். கோ-ஆப் திட்டத்தை மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) பதிவுக்கு ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 90 நாள்களுக்கு, குடியிருக்கும் வீட்டை வாங்கும் உரிமை குடியிருப்பவருக்கு மட்டுமே உண்டு. அவர் எழுத்து மூலம் விட்டுக்கொடுத்தாலன்றி, அந்தக் காலத்தில் வீட்டை வெளியாருக்குக் காட்டவும் கூடாது. அதன் பின்னும் ஆறு மாதங்களுக்கு, வெளியார் ஒருவர் வாங்க ஒப்பந்தம் செய்தால், அதன் நகலைப் பதிவுத் தபாலில் உங்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய நாளிலிருந்து 15 நாள்களுக்குள் அதே விலைக்கும் நிபந்தனைகளுக்கும் நீங்களே வாங்கிக்கொள்ளலாம். ஆக, 90 நாள் என்பது உங்களுக்குத் தரப்பட்ட சலுகைக் காலம். அதையே காலி செய்வதற்கான கெடுவாகத் திரித்து, சட்டம் தெரியாத முதியவர்களை அச்சுறுத்துவது கொடுமை. இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

உங்களிடம் வந்த புத்தகம் 'ரெட் ஹெர்ரிங்' எனப்படும் முன்வரைவாகவும் இருக்கலாம். முதல் பக்கங்களைப் பாருங்கள். வரைவாக இருந்தால் 90 நாள் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

ஏற்கப்பட்ட திட்டமும் தானாக நடைமுறைக்கு வந்துவிடாது. உங்களுடையதைப் போன்ற கட்டடத்தில், மொத்த வீடுகளில் குறைந்தது 51 விழுக்காட்டை, அங்கு குடியிருக்கும் உண்மையான வாடகைதாரர்களே வாங்குவதற்கு ஒப்பந்தமிட்டால்தான் அது செல்லும். 15 மாதங்களுக்குள் அந்நிலை எட்டப்படாவிட்டால் திட்டம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். 2019க்கு முன் 15 விழுக்காடு போதும் என்றிருந்தது, அதிலும் வெளியார் வாங்கியதைச் சேர்த்துக்கொள்ளலாம். எனவே இன்று உங்கள் கட்டடத்தில் பேரம் பேசும் வலிமை குடியிருப்பவர்களிடம் இருக்கிறது. அண்டை வீட்டாரைச் சேர்த்துச் சங்கம் அமையுங்கள். பொதுவாக ஒரு வழக்கறிஞரையும், கொதிகலன், கூரை, குழாய்களின் நிலையை ஆராய ஒரு பொறியாளரையும் அமர்த்துங்கள். உங்கள் ஆட்சேபங்களை அட்டர்னி ஜெனரலின் ரியல் எஸ்டேட் நிதிப் பிரிவுக்கு எழுதி அனுப்பலாம். வீடுகள் வேண்டுமென்றே பூட்டிக் கிடக்கின்றனவா என்பதையும் கணக்கெடுங்கள். நீண்டகாலக் காலி வீடுகள் அளவுக்கு மீறி இருந்தால் திட்டத்தை ஏற்க மறுப்பதற்கு அது காரணமாகும்.

கட்டடம் கோ-ஆப் ஆன பின்னும் அப்பா அங்கு இருக்கும்வரை ரென்ட் ஸ்டெபிலைசேஷன் தொடரும். லீஸைப் புதுப்பிக்க வேண்டும். வாடகை உயர்வு அதற்கான வாரியம் நிர்ணயிக்கும் அளவைத் தாண்டக் கூடாது. அவருக்குப் பின் நீங்கள் உரிமை கோர, அதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகள் உடன் வசித்ததைக் காட்ட வேண்டும். ஆகவே உங்கள் வரித்தாள், வங்கிக் கடிதங்கள் இந்த முகவரிக்கே வரட்டும். வாங்கியவர்களின் வீடுகளைப் பராமரிக்கும் நிர்வாகியே உங்கள் வீட்டையும் பாகுபாடின்றிப் பராமரிக்க வேண்டும். வெந்நீரையோ சூடேற்றியையோ நிறுத்தினால் அது சட்டம் தடைசெய்த துன்புறுத்தல். நாள், நேரத்துடன் குறித்துக்கொண்டு நகர நிர்வாகத்தின் 311 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள்.

பணம் தருவதாகச் சொல்லும் காகிதத்தில் வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். நீங்கள் வெளியேறினால் அந்த வீடு வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டுச் சந்தை விலைக்கு விற்பனையாகும். அவர்கள் தருவதாகச் சொல்லும் தொகை அந்த லாபத்தில் ஒரு சிறு பங்காகவே இருக்கக்கூடும். விருப்பமில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டால், நகரச் சட்டப்படி 180 நாள்களுக்கு அதே பேச்சோடு அவர்கள் உங்களை அணுகக் கூடாது. அக்கடிதத்தை அப்பாவின் கையெழுத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தில் ஒரு மாத வாடகையைக்கூடத் தவறவிடாமல் காசோலையாகவே செலுத்தி வாருங்கள். வாடகை பாக்கி இருந்தால் மேலே சொன்ன பாதுகாப்புகளைத் தாண்டி வழக்குத் தொடர அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.