சோமாலி மொழிபெயர்ப்பாளர் வந்தும் பேச்சு புரியவில்லையா?

கேள்வி: நைரோபியில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறேன். சோமாலி மொழிபெயர்ப்பாளரை வைத்தும் சில நோயாளிகளிடம் பேச முடிவதில்லை. என்ன காரணம்?

பதில்: அவர்கள் ‘மாய்’ பேசுபவர்களாக இருக்கலாம். தெற்குச் சோமாலியாவில் ஜூபா, ஷபெல்லி ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில், பைதோவா நகரைச் சுற்றி வாழும் ரஹன்வெய்ன் மக்களின் பேச்சு அது. 1972இல் லத்தீன் எழுத்தில் அரசுமொழியானது ‘மஹா’ வகைச் சோமாலி. பள்ளி, வானொலி வழியாக மாய்க்காரர் பலருக்கு மஹா ஓரளவு பழகியிருக்கும். மஹா மட்டும் தெரிந்தவருக்கோ மாய் பிடிபடாது. ஆகவே நோயாளி தலையாட்டுவதை நம்பாதீர்கள். மாத்திரை எத்தனை, எப்போது என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும்போதே ‘மாய் தெரிந்தவர்’ என்று குறிப்பிடுங்கள். சோமாலியாவின் 2012 இடைக்கால அரசியலமைப்பே இரண்டையும் பெயர் சொல்லி ஏற்றிருக்கிறது. மருத்துவமனைப் படிவத்தில் மட்டும் ‘சோமாலி’ என்ற ஒற்றைக் கட்டம் இருப்பது பெரிய குறை.

கேள்வி: காதால் கேட்டு இரண்டையும் பிரிக்க முடியுமா?

பதில்: முடியும். அரபியில் போலத் தொண்டையை இறுக்கி எழுப்பும் இரண்டு ஒலிகள் மஹாவில் உண்டு. எழுத்தில் ‘எக்ஸ்’, ‘சி’. மாயில் அவை இல்லை. மாறாக, மஹாவின் எழுத்துவரிசையில் இல்லாத ‘ப’ (‘பல்’ என்பதில் வருவது), ‘ங’, ‘ஞ’ மாயில் தனி ஒலிகள். தமிழ்க்காதுக்கு இவை எளிதில் தட்டுப்படும். ஆனால் இரண்டும் கலந்து பேசுவோரும் உண்டு. நோயாளியிடமே கேட்டு உறுதிசெய்யுங்கள்.