எங்கள் ராக் பேண்டின் பழைய மேடைப் பதிவுகளை வெட்டி ஒட்டி எலக்ட்ரானிக் ஆல்பம் செய்ய முடியுமா?

ராமநாதபுரம் கடற்கரையின் கீழக்கரை, மண்டபம் ஊர்களின் பக்கத்து மேடைகளில் வாசித்த ஒரே பாட்டுக்கு நாற்பது பதிவுகள், சில கேசட்டில், மீதி போனில் என்று சொல்லியிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். கனடாவின் இசையமைப்பாளர் ஜான் ஆஸ்வால்ட், அமெரிக்க ராக் பேண்டான கிரேட்ஃபுல் டெட் 1968 முதல் 1993 வரை வாசித்த 'டார்க் ஸ்டார்' பாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளைப் பின்னித்தான் 'கிரேஃபோல்டட்' ஆல்பத்தை 1994, 1995 ஆண்டுகளில் இரண்டு பாகமாகக் கொண்டுவந்தார். ஒரே பாட்டு என்பதுதான் அதன் உயிர். பத்துப் பாட்டைக் கலந்தால் கல்யாண வீட்டு மெட்லி ஆகிவிடும்.

'சாஃப்ட்வேர் இருந்தால் ஒரு மணி நேர வேலை' என்று சொல்ல வருகிறவர்கள் சுருதியைச் சேர்த்துக் காட்டிவிட்டு வரட்டும். டிஜிட்டல் பதிவில் சாம்பிள் ரேட் என்று ஒன்று உண்டு, ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது. 48 கிலோஹெர்ட்ஸ் (48,000 முறை) ஃபைலை 44.1 என்று எடுத்துக்கொண்டு ஓட்டினால் வேகம் 8 சதவீதம் குறையும், சுருதி ஒன்றரை செமிடோன் (செமிடோன் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) இறங்கும். பழி கிட்டார்காரர் மேல் விழும். எல்லாவற்றையும் முதலிலேயே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுக்கு மாற்றுங்கள். கேசட்டின் வேகத்தை மைக் செட்டில் கேட்கும் கரண்ட் ரீங்காரம் (ஹம்) காட்டிக்கொடுக்கும்: 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டியது 51-இல் தெரிந்தால் 2 சதவீதம் வேகமாக ஓடுகிறது. ஜெனரேட்டரில் நடந்த கச்சேரிக்கு இது செல்லாது, அது 50-இல் நிற்கவே நிற்காது. கடலோர ஈரத்தில் கிடந்த கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் நல்ல டெக்கில் போடவேண்டாம். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

வெட்டு, டிரம் அடிக்கு 3 முதல் 5 மில்லிசெகண்ட் முன்னால் விழ வேண்டும். அடியின் மேலேயே விழுந்தால் அதன் முனை மழுங்கிவிடும். கால் அங்குல டேப்பை 45 டிகிரியில் சாய்த்து வெட்டிய நாட்களில், நொடிக்கு 15 அங்குல வேகத்தில் அந்தச் சாய்வே சுமார் 17 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட், அதாவது ஒரு பதிவு தணியத் தணிய அடுத்தது எழுவது. தாளம் உள்ள இடத்துக்கு இன்றைக்கும் அந்த அளவே போதும். ஸ்பீக்கர் ஒலி திரும்ப உள்ளே போய் நீண்டு ஒலிக்கும் ஃபீட்பேக்குக்கு 2 முதல் 4 நொடி கொடுக்கலாம். வெவ்வேறு இரவுப் பதிவுகள் சேருமிடத்தில் சாஃப்ட்வேரின் கிராஸ்ஃபேடில் 'ஈக்வல் பவர்' வளைவு போடுங்கள், மொத்த ஒலி அளவு மாறாது. நேர்கோடாக ஏறி இறங்கும் 'லீனியர்' போட்டால் நடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும்.

ஆனால் ஒட்டு பிடிபடுவது பெரும்பாலும் பின்னணியில்தான். ஆனி ஆடிக் கச்சான் காற்றில் எடுத்த திறந்தவெளிப் பதிவு திடீரென்று மூடிய ஹாலாக மாறினால் எந்தக் காதும் திடுக்கிடும். ஒவ்வொரு பதிவிலும் பாட்டு தொடங்கும் முன் கிடைக்கும் வெறும் இரைச்சலை 20 நொடியாவது தனியே எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கி, ஒட்டின் இரு பக்கமும் தாழ்வாக ஓடவிடுங்கள். மைக்கில் காற்று மோதும் குமுறல் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பெரும்பாலும் அடங்கும். கூடவே பேஸ் கிட்டாரின் அடிப்பகுதியும் போகும், அதை வேறு இரவிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். காற்றில் மைக்கே கரகரத்திருந்தால் அந்தப் பகுதியை மறந்துவிடுங்கள்.

இனி மடிப்பு, அதாவது ஒட்டி முடித்த கோர்வையை அதன் மேலேயே மடித்து அடுக்குவது. 60 நிமிடக் கோர்வையை நடுவில் வெட்டிப் பின்பாதியை முன்பாதி மேல் போட்டால் 30 நிமிடம், இரண்டு அடுக்கு. இப்படி ஆறு முறை செய்தால் 64 அடுக்கு, ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மடிப்புக்கும் சுமார் 3 டெசிபல் ஏறும். அவ்வப்போது அதைக் குறைத்துக்கொண்டே வராவிட்டால் கடைசியில் 18 டெசிபல் கூடி எல்லாம் வெடிக்கும். மூன்றாவது மடிப்பிலிருந்து கீழ் ஒலிகள் சகதியாகும், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டத் தயங்காதீர்கள். குரலையும் டிரம்ஸையும் ஏஐ கொண்டு பிரித்துவிட்டு மடிக்கலாமே என்பீர்கள். அது சிம்பலில் விடும் தண்ணீர்ச் சலசலப்பும் 64 மடங்காகும்.

வெளியிடும் முன் பேண்டில் வாசித்த எல்லோரிடமும், விலகிப்போன டிரம்மரிடமும், எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஆஸ்வால்ட் 1989-இல் அனுமதியில்லாமல் செய்து இலவசமாகக் கொடுத்த 'பிளண்டர்ஃபோனிக்' டிஸ்க்கின் மிச்சப் பிரதிகள் புகாருக்குப் பிறகு அழிக்கப்பட்டன. 'கிரேஃபோல்டட்' செய்ய அவரை அழைத்ததே கிரேட்ஃபுல் டெட்டின் பேஸ் கலைஞர் ஃபில் லெஷ்.