எங்கள் ஊர் பஸ் நேரம் கூகுள் மேப்ஸில் வர தனிச் செயலி செய்ய வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் நகராட்சி அல்லது போக்குவரத்து அலுவலகத்தில் இருப்பவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். செயலிக்கு ஒதுக்கும் பணத்தைத் தரவில் போடுங்கள். ஜிடிஎஃப்எஸ் என்ற, பஸ் நேர அட்டவணைக்கான பொதுத் தரவு வடிவில் ஒரு ஜிப் கோப்பு வெளியிட்டால் கூகுள் மட்டுமல்ல, மற்ற செயலிகளும் அதையே படிக்கும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பஸ், ரயில் நடத்தும் டிரைமெட் 2005இல் கூகுளோடு சேர்ந்து தொடங்கிய வடிவம் அது. ஐரோப்பாவின் நெடெக்ஸ் என்ற தரவு வடிவம் இன்னும் விரிவானதே என்பார்கள். உண்மைதான், ஆனால் சிறிய ஊருக்கு அது தாங்காத சுமை.

ஜிப்புக்குள் இருப்பவை காற்புள்ளியால் பிரித்த சாதாரண உரைக் கோப்புகள்: நிறுவனம், நிறுத்தம், தடம், நடை (தடத்தில் பஸ் ஒருமுறை போகும் பயணம்), நிறுத்த நேரம், நாட்காட்டி. வேலை வாங்குவது நிறுத்தக் கோப்பு. சாலையின் இரு பக்கமும் தனித்தனி நிறுத்தம், தனித்தனி எண். ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றக் கூடாது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் மதுரை நிறுத்தம் ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

இரவு 11:40க்குக் கிளம்பும் பஸ் 1:10க்குச் சேர்ந்தால், 24ஐத் தாண்டியும் மணியைத் தொடர்ந்து எண்ணி, 25:10:00 என்றே எழுத வேண்டும். 01:10:00 என்றால் கிளம்பும் முன்பே சேர்ந்துவிட்டதாக ஆகும். எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள்: 007 என்ற எண் 7 ஆகும், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும். நேரம் நிலையில்லாத தடத்துக்குப் பொய் நேரம் போட வேண்டாம்; எவ்வளவு நேரத்துக்கு ஒரு பஸ் என்று மட்டும் சொல்லும் இடைவெளிக் கோப்பில் 900 விநாடி என்றால் கால் மணிக்கு ஒரு பஸ்.

ஜிடிஎஃப்எஸ் வடிவைப் பராமரிக்கும் மொபிலிட்டிடேட்டா அமைப்பின் இலவச சரிபார்ப்பானில் கோப்பை ஓட்டிப் பார்த்து, மாறாத இணைய முகவரியில், கடவுச்சொல் கேட்காமல், உரிமத்தைத் தெளிவாக எழுதி வையுங்கள். நாட்காட்டியின் கடைசித் தேதி தாண்டினால் பஸ்கள் செயலியிலிருந்து காணாமல் போகும். குறைந்தது அடுத்த 7 நாளாவது எப்போதும் உள்ளே இருக்கட்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கால அட்டவணையை ஸ்கேன் செய்து, கோணலாக, முத்திரையோடு பிடிஎஃப்பாகப் போட்டுவிட்டு 'திறந்த தரவு' என்று பெயர் வைக்கும் வழக்கம் எரிச்சலூட்டுகிறது. அதிலிருந்து ஒரு வரியைக்கூட நகலெடுக்க முடியாது.

பஸ் இப்போது எங்கே வருகிறது என்பதும் தெரிய வேண்டுமென்றால் ஜிபிஎஸ் கருவிக்கான டெண்டரிலேயே ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் (அதே வடிவின் நேரலைத் தரவு) தர வேண்டும், அதிலுள்ள நடை எண் உங்கள் கோப்பிலுள்ள நடை எண்ணோடு பொருந்த வேண்டும் என்று எழுதுங்கள். விட்டால் ஒப்பந்தக்காரரின் திரையில் மட்டும் பஸ் ஓடும், பிறகு கேட்டால் தனிக் கட்டணம்.