பூக்கிறது, காய்க்கவில்லை: ரொபஸ்டா காப்பி கேள்வி பதில்

கேள்வி: தென்னைக்கு ஊடுபயிராக வைத்த பத்து ரொபஸ்டா செடிகளுக்கு ஆறு வயதாகிறது. மார்ச்சில் கிளை தெரியாமல் பூக்கின்றன. காய் ஒரு கைப்பிடி தேறுவதில்லை. பத்தும் நன்றாகக் காய்த்த ஒரே தாய்ச்செடியின் கொம்பை வெட்டி வேர்பிடிக்க வைத்தவை. உரம் போதவில்லையா?
– வாசகர், குலசேகரம்

பதில்: உரத்தில் குறையில்லை, கன்று வந்த வழியில்தான் குறை. அராபிகா வகைக் காப்பி தன் மகரந்தத்திலேயே காய்பிடிக்கும். ரொபஸ்டாவுக்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும். ஒரே தாயின் கொம்பில் வந்த பத்தும் மகரந்தக் கணக்கில் ஒரே செடிதான். எஸ் 274, சி எக்ஸ் ஆர் என்ற ரொபஸ்டா ரகங்களில் விதைக்கன்றாக வாங்கி இடையிடையே நடுங்கள். அவை பூக்க மூன்று, நான்கு ஆண்டாகும். அவசரமென்றால் இரண்டு செடிகளைத் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டி, துளிர்க்கும் நேர்கொம்பில் (செங்குத்தாக மேலே வளரும் கொம்பு) வேறொரு தோட்டத்து ரொபஸ்டாவை ஒட்டுக்கட்டலாம். பக்கக்கிளையில் எடுத்த ஒட்டுக்குச்சி மேலே எழும்பாது, நேர்கொம்பில்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பிப்ரவரி, மார்ச்சில் மொட்டு முற்றி நிற்கும்போது 25 முதல் 40 மி.மீ. மழை வேண்டும், பெய்து ஒரு வாரம், பத்து நாளில் பூ விரியும். லேசான தூறலோடு நின்றால் மொட்டு பாதி வீங்கிக் கருகும். மழை ஏமாற்றினால் சதுர மீட்டருக்கு 25 லிட்டருக்குக் குறையாமல், செடி முழுதும் நனையத் தெளிப்பானில் விடுங்கள். 15, 20 நாளில் இன்னொரு நனைப்பு தவறினால் பிடித்த பிஞ்சும் நிற்காது. பூ விரிந்த அன்று மட்டும் தெளிப்பான் வேண்டாம், மகரந்தம் கழுவிப்போகும். பூச்சிமருந்தும் கூடாது: காற்றோடு தேனீயும் மகரந்தம் சுமக்கிறது. ரப்பரின் இளந்துளிரில் சுரக்கும் தேனுக்காக மார்த்தாண்டம் பக்கம் தேனீப்பெட்டி வைக்கும் பருவம் இதுதானே, ஒரு பெட்டியைக் காப்பிக்குப் பக்கத்திலும் வையுங்கள்.

ரொபஸ்டாவில் ஒருமுறை காய்த்த கணு மறுபடி பூக்காது. கவாத்தில் காய்த்து ஓய்ந்த கிளையை எடுங்கள். புதுக்கிளையில் கை வைத்தால் அடுத்த ஆண்டு பூவே இராது.

கேள்வி: பழத்தோடு காயவைத்த காப்பியில் பூஞ்சை வாடை வருகிறதே?
– வாசகி, தடிக்காரன்கோணம்

பதில்: பரப்பியது கனமாக இருந்திருக்கும். சிமெண்ட் களத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போடாமல், மணிக்கொரு தடவை கிளறி, இரவில் குவித்து மூடுங்கள். நல்ல வெயிலில் 12 முதல் 15 நாள் ஆகும். குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலக்க வேண்டும், ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காப்பி பக்கத்து வாடையை இழுத்துக்கொள்ளும்; கிராம்பு மூட்டையோடு ஒரே அறையில் அடுக்காதீர்கள்.