பாட்டி பாடி வந்தார்

வணக்கம் ஐயா. என் மகன் தொடக்கநிலை 3 படிக்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் தமிழ் எழுத்துக்கூட்டலில் 10க்கு 10 வாங்கிவிடுகிறான். படம் பார்த்துக் கதை எழுதச் சொன்னால் அதே சொற்களில் பிழை விடுகிறான். சென்ற வாரம் எழுதிய ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்துள்ளேன். ழகரம் அவனுக்கு வரவே இல்லை. துணைப்பாட வகுப்பில் சேர்க்கலாமா, இல்லை ஏதாவது செயலி போதுமா?
ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

துணைப்பாடத்தையும் செயலியையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழ்ச்சொல்லை எடுத்துக் கொடுக்கும் செயலி, பிள்ளை எங்கே தடுமாறுகிறானோ அந்த இடத்தை அவனுக்காகத் தானே தாண்டிவிடும்.

நீங்கள் அனுப்பிய பக்கத்துக்கு வருவோம். அதில் 'மழை' நான்கு இடத்தில் வருகிறது. நான்கும் சரி. பிறகு ழகரம் வரவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அவன் பேசுவதைக் கேட்டுக் கவலைப்பட்டிருக்கிறீர்கள், எழுதியதைப் பார்க்கவில்லை. நம் பெற்றோருக்கு ழகரத்தின் மேல் அப்படி ஒரு பயம்.

பக்கத்தில் மொத்தம் 12 பிழை. மூன்று, ண-ன-ந குழப்பம். இரண்டு, ல-ள. மீதி ஏழும் ஒரே வகை. 'பக்கத்தில்' என்பது 'பகத்தில்' ஆகியிருக்கிறது, 'பள்ளிக்கூடம்' 'பள்ளிகூடம்' ஆகியிருக்கிறது. 'பாடி வந்தார்' என்று ஒரு வரி. யார் பாடிக்கொண்டு வந்தது என்று கதையில் தேடிப் பார்த்தால், வந்தவர் பாட்டி! ஏழு இடத்திலும் காணாமல் போனது ஒற்று, அதாவது புள்ளி வைத்த எழுத்து.

இது கவனக்குறைவு அல்ல. ஆங்கிலத்தில் 'லெட்டர்', 'ஹேப்பி' எழுதும்போது நடு எழுத்து இரட்டிக்கிறது, ஒலியோ ஒன்றுதான். ஒரே வாரத்தில் ஆங்கில எழுத்துக்கூட்டலும் தமிழ் எழுத்துக்கூட்டலும் படிக்கிற பிள்ளைக்கு, இரட்டை எழுத்து வெறும் அலங்காரம் என்று தோன்றுவதில் என்ன அதிசயம்? தமிழில் இரட்டித்தால் ஒலி மாறும், பொருளும் மாறும். எடு, எட்டு. படம், பட்டம். விடு, விட்டு. பாகு, பாக்கு. இந்தச் சோடிகளில் ஒன்றைச் சொல்லுங்கள். ஒற்று வரும் இடத்தில் அவன் கையை மூடி ஒரு கணம் நிறுத்தட்டும்: எட், டு. கை மூடினால்தான் புள்ளி வைத்த எழுத்து. முதல் நான்கு நாள் பென்சிலே வேண்டாம், காதும் கையும் போதும். ஐந்தாம் நாளிலிருந்து எழுதட்டும். ஒரு நாளைக்கு எட்டு நிமிடம், அதற்கு மேல் போகாதீர்கள். இரண்டு வாரம் இந்த ஒரே வகை. மற்ற ஐந்து பிழையையும் கண்டுகொள்ள வேண்டாம்.

அதற்குப் பிறகு ண-ன-ந. 'மூன்று சுழி', 'இரண்டு சுழி' என்று உருவத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை சுழியை எண்ணிக்கொண்டுதான் இருப்பான். பழைய பெயர்களிலேயே விதி இருக்கிறது. டண்ணகரம், ட-வுக்கு முன்னால் வரும் ண: வண்டி. றன்னகரம், ற-வுக்கு முன்னால்: நன்றி. தந்நகரம், த-வுக்கு முன்னால்: பந்து. வாட்ஸ்அப்பில் இது ஆண்டுக்கு நான்கு முறை சுற்றுகிறது, எல்லாரும் கைகூப்பிவிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள், வீட்டில் யாரும் பயன்படுத்துவதில்லை. உங்கள் மகன் எழுதிய 'வன்டி', 'நண்றி', 'பன்து' மூன்றும் இந்த ஒரு விதியில் அடங்கிவிடும். சொல்லின் முதலில் வருவது ந என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் பணி-பனி, மணம்-மனம் இதில் அடங்காது. அவற்றைப் பொருளோடுதான் பழக்க வேண்டும்.

'நேற்று' என்பதை 'நேத்து' என்று எழுதினால் அதைப் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேச்சுத் தமிழை அவன் காது சரியாகவே பிடித்திருக்கிறது. அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். திட்டினால் பேசுவதையும் நிறுத்திவிடுவான்.

இனி அந்த 10க்கு 10. பட்டியல் முன்கூட்டியே வந்துவிடுகிறது, வியாழன் இரவு மனப்பாடம், வெள்ளி காலையில் கேள்வி. அதே வரிசையில் கேட்டால் முதல் சொல் அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். அந்த மதிப்பெண் ஒரு இரவின் நினைவை அளக்கிறது, அவ்வளவுதான். தொடக்கநிலை 1, 2க்குத் தேர்வுகள் 2019 முதல் இல்லை. 2023 முதல் எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வும் இல்லை. நல்ல மாற்றம். ஆனால் எண் இல்லாமல் தூக்கம் வராத பெற்றோர் அத்தனை பேரும் இந்த வெள்ளிக்கிழமை எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் நீங்கள் இப்படிக் கேட்கலாம். இந்த வாரப் பட்டியலிலிருந்து ஆறு சொல், வரிசை மாற்றி. மூன்று வாரத்துக்கு முந்தையவை இரண்டு. அதே வகையில் அவன் பார்த்தே இராத சொல் இரண்டு. 'பக்கம்' படித்தவனுக்கு 'தக்காளி' வருகிறதா என்று பாருங்கள். வந்தால் விதி பிடிபட்டிருக்கிறது. வராவிட்டால் சொல்லைப் படமாக வைத்திருக்கிறான். மதிப்பெண்ணைச் சொல்லுக்குப் போடாமல் எழுத்துக்குப் போடுங்கள். 'பள்ளிக்கூடம்' ஏழு எழுத்து. 'பள்ளிகூடம்' என்று எழுதியவன் ஆறு எழுத்தைச் சரியாக எழுதியிருக்கிறான். அவனுக்குப் பூஜ்யம் போட்டால், 'பலிகுடம்' என்று எழுதுகிறவனும் அவனும் ஒன்றாகிவிடுவார்கள்.

பிழைத் திருத்தம் என்று ஐந்து முறை எழுத வைக்கிறீர்களா? அவன் எழுதும்போது பின்னால் நின்று பாருங்கள். முதலில் ப, ப, ப, ப, ப என்று மேலிருந்து கீழே இறங்குவான். பிறகு ள் ஐந்து. கடைசி வரை அந்தச் சொல்லை ஒருமுறைகூட எழுதியிருக்க மாட்டான். பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, மூடிவிட்டு, எழுதி, திறந்து தானே சரிபார்க்கட்டும். இரண்டு முறை போதும்.

ஒரு மாதம் கழித்து அவன் எழுதிய இன்னொரு பக்கத்தை அனுப்புங்கள். அனுப்பும் முன் நீங்கள் திருத்திவிடாதீர்கள். பாட்டி இன்னும் பாடிக்கொண்டு வருகிறாரா என்று பார்ப்போம்.